பௌதிகமும் தத்துவமும்: துணிபும் ஊகமும்

ஒரு கொள்கை மெய்யாராய்ச்சியின்பாற் பட்டதோ, வெற்றூகமோ என்று வினவுவார்க்கு இக்காலத்தார் கூறும் விடை மிக எளியது. கணிதமும் கருவியும் உடையது பௌதிகம், ஆகலின் அது துணிபு. சொல்லும் வாதமுமே உடையது தத்துவம், ஆகலின் அது ஊகம் என்பர். இவ்விடை இளமாணாக்கரிடத்தன்றிப் பேரறிஞரிடத்தும் காணப்படுகின்றது. 2010-ஆம் ஆண்டில் ஸ்டீபன் ஹாக்கிங் என்பவர் லெனார்டு முலோடினோவ் என்பவரோடு கூடி வெளியிட்ட நூலின் தொடக்கத்திலேயே, விஞ்ஞானத்தின் வளர்ச்சியோடு ஒப்பச் செல்லாமையின் தத்துவம் மாண்டுவிட்டதென்றும், உலகினியல்பு பற்றிய பெருவினாக்களுக்கு விடை காண்போர் இனி விஞ்ஞானிகளே என்றும் உரைத்தனர். அங்ஙனம் உரைத்த அந்நூலே எம்-கொள்கை என்னும் ஒன்றைத் தன் முடிபாகத் தழுவி நிற்கின்றது. அக்கொள்கையோ இன்றுகாறும் எச்சோதனையானும் நிறுவப்பட்டதன்று. அதன் முழுவடிவமும் இன்னும் எவரானும் வரையப்பட்டதன்று. தத்துவத்தை ஒதுக்கிய நாவே சோதனை காணாத ஒன்றை முடிபெனக் கூறுமாயின், துணிபையும் ஊகத்தையும் பிரிக்கும் எல்லை அந்நூலார் கருதிய இடத்தில் இல்லை என்பது பெறப்படும்.

அவ்வெல்லை யாண்டுளது என்பதே ஈண்டு ஆராயப்படுவது. பௌதிகத்தை இழித்துத் தத்துவத்தை உயர்த்துதல் எம் கருத்தன்று. அங்ஙனம் செய்வதும் மேற்கூறிய பிழையின் மறுதலையேயாம். நம் அளவை நூலார் வகுத்த கருவிகள் இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படும். அவை சமய நூற்கே உரியன அல்ல. கண்டது கொண்டு காணாததனைத் துணிவார் எவராயினும் அவர்பால் அவை செல்லும்.

இருவகைச் செப்பம்

மலைமேற் புகை கண்டான் ஒருவன் அங்கே தீ உண்டு என்று துணிகின்றான். 'இம்மலை தீயுடைத்து' என்பது பக்கம். 'புகையுடைமையின்' என்பது ஏது. 'அட்டில் போல' என்பது எடுத்துக்காட்டு. இத்துணிபு பழுதின்றி நிற்றற்கு இரண்டு வேண்டும். ஏதுவினின்று முடிபு வழுவின்றிப் பிறத்தல் ஒன்று. ஏது உண்மையாதலும், புகையுள்வழியெல்லாம் தீ உண்டு, தீயில்வழி யாண்டும் புகையில்லை என்னும் உடனிகழ்ச்சி உண்மையாதலும் மற்றொன்று. ஏரியில் எழும் பனிமூட்டத்தைப் புகையென மயங்கியவன் கூறும் வாதம் சொல்லொழுங்கிற் சிறிதும் குறைவுடையதன்று. எனினும் அவன் தேடிச் செல்லும் இடத்தில் தீ இராது.

முன்னதைக் கோவைச் செப்பம் என்றும், பின்னதை வேர்ச் செப்பம் என்றும் ஈண்டு வழங்குவாம். கோவைச் செப்பம் தருவதிற் கணிதத்திற்கு நிகராவது பிறிதில்லை. ஆயினும் வேர்ச் செப்பத்தைக் கணிதம் தானே தரமாட்டாது. தொடக்கத்திற் கொண்டது மெய்யாயின் இறுதியில் வந்ததும் மெய் என்னும் அளவிலேயே அதன் உறுதி நின்றுவிடும். தொடக்கத்திற் கொண்டது மெய்யோ என்பதற்கு வேறோர் அளவை வேண்டும். பௌதிகத்தின் பெருமைக்குக் காரணம் அதன்பாற் கணிதம் உண்மை அன்று. கணிதத்தின் முடிவைக் காட்சியின் முன் நிறுத்தி, ஆம் அன்று என்று கேட்கும் வழக்கம் உண்மையேயாம். அவ்வழக்கம் ஒரு துறையில் தளருமாயின், எஞ்சுவது கோவைச் செப்பம் ஒன்றே. அது செவ்விய தத்துவ வாதத்திற்கும் உள்ளதே.

இரு கோள்கள்

இதனை ஒருவர் வரலாற்றிலேயே தெளியக் காணலாம். 1781-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் கண்ட யுரேனஸ் என்னும் கோள், நியூட்டனது ஈர்ப்பு விதிப்படி கணித்த நெறியினின்றும் சிறிது பிறழ்ந்து சென்றது. பாரிசு நகரத்து லெவெரியே என்பார், கண்ணுக்குப் புலனாகாத வேறொரு கோள் அதனை ஈர்த்தல் வேண்டுமெனக் கருதி, அக்கோள் வானில் நிற்கும் இடத்தையும் கணித்துரைத்தார். இங்கிலாந்தில் ஆடம்ஸ் என்பாரும் அங்ஙனமே தனித்துக் கணித்தார். லெவெரியே விடுத்த கடிதம் பெர்லின் நகரத்து வானாராய்ச்சி நிலையத்தை எய்திய அன்றிரவே, 1846-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள், கால்லே என்பார் தொலைநோக்கியை அத்திசையில் திருப்பினார். குறித்த இடத்தினின்றும் ஒரு பாகை அளவுக்குள்ளாகவே புதிய கோள் காணப்பட்டது. அதுவே நெப்டியூன்.

பதின்மூன்றாண்டுகள் கழிந்தன. 1859-ஆம் ஆண்டில் அதே லெவெரியே புதன் கோளின் நெறியை ஆராய்ந்தார். அக்கோள் ஞாயிற்றை மிக அணுகும் இடம் சிறிது சிறிதாக நகர்ந்து வருகின்றது. ஏனைக் கோள்களின் ஈர்ப்பையெல்லாம் கழித்த பின்னும் நூறாண்டிற்கு 38 விகலை எஞ்சி நின்றது. பின்வந்தோர் அதனை 43 விகலை எனத் திருத்தினர். லெவெரியே தாம் முன்னே வென்ற வாதத்தையே மீண்டும் எடுத்தார். ஞாயிற்றுக்கும் புதனுக்கும் இடையே காணப்படாத கோளொன்றோ, சிறுகோட் கூட்டமோ இருத்தல் வேண்டும் என்றார். அதற்கு வல்கன் எனப் பெயரும் இடப்பட்டது. அதனைத் தாம் கண்டதாக ஒரு மருத்துவர் கூறினார். பிறர் தேடியபோது அது நிலைபெறக் காணப்பட்டிலது. 1877-ஆம் ஆண்டு, நெப்டியூன் காணப்பட்ட அதே செப்டம்பர் 23-ஆம் நாளில், லெவெரியே அந்நம்பிக்கை நீங்காதவராகவே காலஞ்சென்றார். 1915-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஐன்ஸ்டைன், எக்கோளையும் வேண்டாது, தாம் கண்ட புதிய ஈர்ப்புக் கொள்கையினின்றே அந்த 43 விகலையையும் வருவித்துக் காட்டினார். வல்கன் என்பதொன்று இல்லை. திருத்தம் வேண்டி நின்றது நியூட்டனது விதியே.

ஈண்டு ஊன்றி நோக்குக. கணிதர் ஒருவரே, கணிதமும் ஒன்றே, வாதத்தின் வடிவமும் ஒன்றே. ஒன்று வென்றது; ஒன்று வீழ்ந்தது. 'நெறி பிறழ்ந்தமையின், காணாக் கோள் உண்டு' என்னும் ஏது, கோள் உள்ளவிடத்தும் இல்லாவிடத்தும் ஒருங்கே நிகழ்தலின் அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியாயிற்று. நெப்டியூனைக் கணித்த காலத்தும் அது அநைகாந்திகமே. கோள் கண்ணிற் பட்டமையால் அக்குறை மறைந்து நின்றது. ஒரு வாதம் ஒருமுறை வென்றமை அதன் உடனிகழ்ச்சி மெய்யென்பதற்குச் சான்றாகாது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் உதாரணம் அரிது.

எனினும் லெவெரியேயின் இரு கூற்றுக்களுக்கும் ஒப்ப உரிய சிறப்பொன்று உண்டு. இரண்டிலும் அவர் தேடும் இடத்தைச் சுட்டினார். தாம் கூறியது பொய்யாயின் அது வெளிப்படும் வழியை அவரே திறந்து வைத்தார். 1934-ஆம் ஆண்டில் கார்ல் பாப்பர் விஞ்ஞானக் கூற்றிற்கு இலக்கணமாக வகுத்ததும் இதுவே: பொய்யென நிறுவப்படுதற்கு இடந்தரும் கூற்றே விஞ்ஞானத்தின்பாற் படும் என்பது. அவர்க்கு முன்னரே, 1906-ஆம் ஆண்டில், பிரெஞ்சு அறிஞர் டுஹெம், எக்கொள்கையும் தனித்துச் சோதிக்கப்படுவதன்று, துணைக்கொள்கைகளோடு கூடியே சோதிக்கப்படும், ஆகலின் முரண்பாடு தோன்றியவிடத்து எவ்வுறுப்பு பிழையென்பது தானே விளங்காது என்று காட்டினார். யுரேனஸின் பிறழ்ச்சி கோட்கணக்கிற் குறைகாட்டிற்று. புதனின் பிறழ்ச்சி விதியிற் குறைகாட்டிற்று. டுஹெம் கூறிய தடைக்கு இவ்விரண்டும் நல்ல சான்று.

இழைக்கொள்கை

இனி இக்காலத்து வழக்கிற்கு வருவாம். ஐன்ஸ்டைனது ஈர்ப்புக் கொள்கையும், அணுவினுள் நிகழ்வனவற்றைக் கூறும் குவாண்டக் கொள்கையும் தத்தம் எல்லையிற் பெருவெற்றி கண்டன. ஆயின் அவை இரண்டும் தம்முள் இயையவில்லை. அவற்றை இணைக்க எழுந்தனவற்றுள் மிகுதியான அறிஞரைத் தன்பால் ஈர்த்தது இழைக்கொள்கை. பொருள்களின் முடிந்த கூறு புள்ளி போன்ற துகளன்று, அதிரும் நுண்ணிழை என்பது அதன் துணிபு. 1968-ஆம் ஆண்டில் வெனிசியானோ கண்ட ஒரு சூத்திரத்தினின்றும் அது வளர்ந்தது. 1974-ஆம் ஆண்டில் ஷெர்க், சுவார்ஸ் என்போர் ஈர்ப்பு அதனுள் தானே அடங்கக் கண்டனர். 1984-ஆம் ஆண்டில் கிரீன், சுவார்ஸ் என்போர் அதன் அகமுரண்கள் ஒன்றையொன்று தகர்த்து நீங்குதலைக் காட்டினர். அது நிலைபெறுதற்குக் காலத்தோடு கூட்டிப் பத்துப் பரிமாணங்கள் வேண்டும். நாம் காண்பன நான்கே. எஞ்சிய ஆறும் மிக நுணுகிச் சுருண்டுள்ளன என்பர். சுருளும் வகைக்கேற்ப இயலும் உலகங்களின் எண்ணிக்கை 1-க்குப் பின் 500 சுழி இட்டு எழுதத்தகும் என்று கூறுவது வழக்கம்.

அவ்விழைகளைக் காண்டல் எளிதன்று. ஜெனீவா நகரத்தருகே நிலத்தின்கீழ் 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைந்து, 2008-ஆம் ஆண்டில் முதன்முதல் இயக்கப்பட்டு, 2012-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் ஹிக்ஸ் துகள் காணப்பட்டதென அறிவித்தற்கு ஏதுவாயிருந்த பெருங்கருவி எய்திய ஆற்றலினும், இழைகளை நேரே காண்டற்கு வேண்டுமெனப் பொதுவாகக் கருதப்படும் ஆற்றல் ஏறக்குறைய 1-க்குப் பின் 15 சுழியிட்ட மடங்கு மிகுதி. இக்கொள்கையோடு உறவுடையதென எண்ணப்பட்ட மீச்சமச்சீர்மைத் துகள்களும் அக்கருவியில் இதுகாறும் புலப்படவில்லை. புலப்படாதவழி, அவை இன்னும் கனமுடையன போலும் என்று சிலர் எல்லையை மேலே நகர்த்தினர்.

இந்நிலையில், 2013-ஆம் ஆண்டில் ரிச்சர்டு டாவிட் என்னும் தத்துவ நூலார், சோதனை எய்தாத கொள்கைமாட்டும் நம்பிக்கை வைத்தற்கு நெறி உண்டு என ஒரு நூல் எழுதினார். 2014-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஜார்ஜ் எல்லிஸ், ஜோ சில்க் என்னும் இரு விஞ்ஞானிகள் நேச்சர் என்னும் இதழில் அதனை மறுத்து, சோதனையினின்றும் விலக்குப் பெறுதல் பௌதிகத்தின் உயிர்நிலையைக் கெடுக்குமென்று எச்சரித்தனர். அடுத்த ஆண்டு டிசம்பரில் மியூனிக் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருசார் அறிஞரும் கூடி இதனை வாதித்தனர். தத்துவம் மாண்டதென்று கூறப்பட்டு ஐந்தாண்டும் முற்றக் கழிந்த அளவிலே, பௌதிக நூலார் தம் கொள்கை கொள்ளத்தக்கதோ என்று வினவுதற்குத் தத்துவ நூலாரோடு ஓரவையில் அமர்ந்தனர்.

மூன்று ஏதுக்கள்

டாவிட் கூறிய ஏதுக்கள் மூன்று. எதிர்பக்கத்தைக் குறைத்துக் கூறுதல் வாதநெறியன்றாகலின், அவர் இவற்றை முடிந்த நிறுவலாகக் கூறினாரல்லர், நம்பிக்கையை மிகுவிப்பனவாகவே கூறினார் என்பதை முதற்கண் மொழிந்து, அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

முதலாவது, பலர் பல்லாண்டு முயன்றும் இதற்கு நிகரான வேறு கொள்கை கிடைத்திலது; ஆகலின் இதுவே மெய்யாதல் கூடும் என்பது. இது நம்மவர் ஒழிபு அல்லது பாரிசேடம் என்னும் அளவையின் சாயல் உடையது. பாரிசேடம் வலிபெறுவது, எஞ்சியன எல்லாம் எண்ணி முடிக்கப்பட்டவழியே. மூவருள் இருவர் அல்லராயின் மூன்றாமவனே என்பது, உள்ளார் மூவரே என்பது தெரிந்த பின்னரன்றோ செல்லும்? புதனின் பிறழ்ச்சிக்குக் காரணம் தேடினோர் எண்ணிய பட்டியலில், வெளியும் காலமும் தாமே வளையும் என்பதொன்று இல்லை. கிடைத்திலது என்பது தேடினார் நிலையைக் கூறுமேயன்றிப் பொருளின் நிலையைக் கூறாது.

இரண்டாவது, ஒன்றை விளக்கப் புகுந்த கொள்கை எதிர்பாராது பிறவற்றையும் விளக்குகின்றது என்பது. 1996-ஆம் ஆண்டில் ஸ்ட்ராமிஞ்சர், வாபா என்போர் இழைக்கொள்கை கொண்டு ஒருவகைக் கருந்துளைகளின் உள்நிலைகளை எண்ணி, பெக்கென்ஸ்டைனும் ஹாக்கிங்கும் முன்னர்க் கூறிய சூத்திரத்தின் அளவையே பெற்றனர். இது வியக்கத்தக்கதே. ஆயினும் அச்சூத்திரமும் எக்கருந்துளையிடத்தும் நேரே அளந்து காணப்பட்டதன்று. ஈண்டு இயைந்தன கொள்கையும் கொள்கையும். கொள்கையும் காட்சியும் அல்ல. இத்தகைய இயைபின் அழகில் முன்னும் ஒருவர் ஈடுபட்டார். 1596-ஆம் ஆண்டில் கெப்ளர், அந்நாளில் அறியப்பட்ட ஆறு கோள்களின் இடைவெளிகளையும் ஐந்து ஒழுங்குத் திண்மங்களால் விளக்கினார். கோள் ஆறு, இடைவெளி ஐந்து, திண்மமும் ஐந்து. இதனினும் அழகிய இயைபு யாது? அவ்வழகு மெய்யன்றாயிற்று. பின்னர்ச் செவ்வாய்க் கோளின் நெறியை ஆராய்ந்தபோது, தாம் கொண்ட வட்டநெறிக் கணக்கிற்கும் டைக்கோ பிராகி அளந்து வைத்தவற்றிற்கும் 8 கலை அளவே வேற்றுமை கண்டார். அச்சிறு வேற்றுமையையும் பொறாது அக்கணக்கை அவர் கைவிட்டமையாலன்றோ, 1609-ஆம் ஆண்டில் வெளிவந்த அவர் நூல் நீள்வட்ட நெறியை உலகிற்கு அளித்தது! கெப்ளரைப் பெரியவராக்கியது அழகிய ஊகம் அன்று; 8 கலையைப் புறக்கணியாத நேர்மையே.

மூன்றாவது, இதே நெறியில் எழுந்த முன்னைக் கொள்கைகள் வென்றன. 1964-ஆம் ஆண்டில் ஊகிக்கப்பட்ட ஹிக்ஸ் துகள் 2012-இல் காணப்பட்டது. ஆகலின் இதுவும் வெல்லும் என்பது. இதற்கு விடை மேலே கூறப்பட்டது. நெப்டியூனின் வெற்றியினும் பெரிய முன்வெற்றி யாருக்கு வாய்த்தது? அவ்வெற்றியே வல்கனுக்கு வழிகோலியது.

மிகு கடுமையும் வழுவே

அற்றேல், காட்சிக்கு எட்டாதன அனைத்தையும் பொய்யெனத் தள்ளுதல் அமையும் எனின், அமையாது. என்னை? 1835-ஆம் ஆண்டில் ஓகுஸ்த் கோம்த் என்னும் பிரெஞ்சுத் தத்துவ நூலார், விண்மீன்கள் எத்தனிமங்களால் ஆயின என்பதை மக்கள் என்றும் அறியார் என்றார். கால் நூற்றாண்டும் கழியுமுன் கிர்க்காஃப், புன்சன் என்போர் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, ஞாயிற்றின் தனிமங்களை அறியும் வழியைக் கண்டனர். 1930-ஆம் ஆண்டில் வொல்ஃப்காங் பௌலி, அணுக்கருச் சிதைவிற் குறைந்து தோன்றும் ஆற்றலுக்குக் கணக்குச் சொல்ல, எவரும் காணாத துகளொன்றை ஊகித்தார். அதனை அச்சிடத் துணியவில்லை என்று தம் நண்பர்க்கு விடுத்த கடிதத்தில் அவரே எழுதினார். 1956-ஆம் ஆண்டில் ரெய்ன்ஸ், கோவன் என்போர் அதனைக் கண்டனர். ஊகத்தை அறவே விலக்கியிருப்பின் நியூட்ரினோ என்னும் அத்துகளை இழந்திருப்போம்.

ஈண்டு இன்மையளவை பற்றி நம் நூலார் கூறிய வரம்பு துணையாகும். ஒன்று காணப்படாமை கொண்டு அது இல்லையென்று துணிதல், காணத்தக்க பொருள் காணத்தக்க நிலையிற் காணப்படாதவழியே செல்லும். விளக்குள்ள அறையிற் குடம் காணப்படாமை குடமின்மையைக் காட்டும். இருட்டறையிற் காணப்படாமை யாதொன்றையும் காட்டாது. வல்கன் உளதாயின் முழுக் கிரகண காலத்திலேனும், ஞாயிற்றின் முகத்தைக் கடக்கும் போதேனும் காணப்பட்டிருத்தல் வேண்டும். காணப்படாமையின் அஃது இன்றெனல் தகும். இழையோ இக்காலத்துக் கருவிகளுக்குக் காணத்தக்கதன்று. ஆகலின் அது காணப்படாமை அதன் இன்மையை நிறுவாது. உண்மையையும் நிறுவாது என்பதனைச் சேர்த்தே கொள்ளல்வேண்டும். இருட்டறையின் வாயிலில் நின்று, குடம் உண்டென்பானும் இல்லையென்பானும் ஒருங்கே தம் அளவையைக் கடந்தவராவர். ஐயத்தை ஐயமென்று வைத்துக்கொள்ளுதலே அவ்விடத்திற்கு உரிய செப்பம்.

நிறுவலும் வினாவும்

இனி, தத்துவ வினா பௌதிகத்திற்குப் புறம்பானது என்பாரை மறுத்தற்கு ஒரு வரலாறு கூறுவாம். 1932-ஆம் ஆண்டில் வான் நாய்மன் என்னும் பெருங்கணிதர் குவாண்டக் கொள்கையின் கணித அடிப்படையை ஒரு நூலாக யாத்தார். அணுநிகழ்ச்சிகளில் தோன்றும் நிச்சயமின்மைக்கு அடியில், நிகழ்வதனை நிச்சயிக்கும் மறைந்த அளவுகள் உண்டெனக் கொள்ள இயலாது என்பதற்கு ஒரு நிறுவலும் அதனுட் கூறினார். பெரியார் கூறியது, அதுவும் கணிதத்தால் கூறியது. பௌதிக நூலார் பலரும் அவ்வினா முடிந்ததென்றே கொண்டனர்.

1935-ஆம் ஆண்டில் கிரேட்டே ஹெர்மன் என்னும் செர்மானியப் பெண்மணி அந்நிறுவலில் ஒரு வழுவைக் காட்டினார். அவர் எம்மி நூத்தர் என்பாரிடம் கணிதமும், லெனார்டு நெல்சன் என்பாரிடம் தத்துவமும் பயின்றவர். இரண்டு அளவுகளின் கூட்டுத்தொகையின் சராசரி, அவற்றின் சராசரிகளின் கூட்டுத்தொகையே ஆம் என்பதை வான் நாய்மன் பொதுவிதியாகக் கொண்டார். குவாண்டக் கொள்கை கூறும் சராசரிகளில் அது மெய்யே. ஆயின் ஒருங்கே அளக்கவியலாத அளவுகளைப் பற்றியும், மறைந்த அளவுகளால் நிச்சயிக்கப்படும் தனிநிலைகளைப் பற்றியும் அவ்விதி செல்லும் என்பதற்கு ஆதாரம் யாது? அதனைக் கொள்ளுதல், நிறுவப்புகுந்ததனையே முன்னர்க் கொண்டதாக முடியும் என்றார். நம் தருக்க நூலார் இதனைச் சாத்தியசமம் என்பர். ஏதுவே நிறுவப்பட வேண்டிய நிலையில் நிற்றல். கோவையிற் பழுதில்லை, பழுது வேரில்.

அவர் உரை ஒரு தத்துவ வெளியீட்டில் வந்தது. பௌதிக நூலார் அதனை நெடுங்காலம் கருதவில்லை. 1952-ஆம் ஆண்டில் டேவிட் போம், இயலாதென்று கூறப்பட்ட அத்தகைய கொள்கையொன்றை அமைத்தே காட்டினார். 1966-ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையில் ஜான் பெல் அந்நிறுவலின் அதே இடத்தைச் சுட்டினார். வான் நாய்மன் கூறிய அளவினும் பின்வந்தோரே அவர் நிறுவலுக்கு மிகுதியான பொருள் கொண்டனர் என்று இக்காலத்துச் சிலர் வாதிக்கின்றனர். அதுவே மெய்யாயினும் எம் கருத்திற்கு இழுக்கில்லை. கணிதத்தின் உறுதியைக் கண்டு, அது எதனைக் கொண்டு தொடங்கிற்று என வினவாது விட்டமையே ஈண்டுக் காட்டப்படும் குற்றம்.

பயனும் வெறும் சொல்லளவில் நிற்கவில்லை. 1935-இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் என்போர் எழுப்பிய, பலரானும் வெறுந்தத்துவமென்று ஒதுக்கப்பட்ட வினாவைப் பெல் மீண்டும் எடுத்தார். தொலைவிற் பிரிந்த இரு துகள்களின் பண்புகள் அவ்வவற்றிடத்தே முன்னரே நிச்சயிக்கப்பட்டனவாயின், அளந்து காணும் ஒற்றுமை ஓர் எல்லையைக் கடவாது என 1964-ஆம் ஆண்டில் நிறுவினார். 1972-இல் ஃபிரீட்மன், கிளாசர் என்போரும், 1982-இல் ஆஸ்பே முதலியோரும் அளந்து, அவ்வெல்லை கடக்கப்படுதலைக் கண்டனர். 2022-ஆம் ஆண்டில் ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவர்க்கும் இத்துறைக்காக நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. தத்துவ வினாவொன்று, உடன்கொண்டவை இவையென்று தெளியப் பிரித்தமையானே, ஆய்வுக் கூடத்துள் அளக்கப்படும் பொருளாயிற்று.

தத்துவ நூலார் கடன்

இவ்வளவிற் கண்டு தத்துவ நூலார் செருக்குறுதல் வேண்டா. காண்ட் என்னும் பெரியார் 1781-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், யூக்கிளிடின் வடிவநூலை வெளியைப் பற்றிய மாறாத அறிவாகக் கொண்டார். அதனின் வேறான வடிவநூல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கணிதராற் காணப்பட்டன. அவற்றுள் ஒருவகையே உலகிற்குப் பொருந்துமென 1915-ஆம் ஆண்டு ஐன்ஸ்டைனது கொள்கை கூறிற்று. வேரைச் சோதியாது கோவையை நம்புதல் பௌதிகர்க்கே உரிய குற்றம் அன்று.

மேலும், பிழையைத் திரும்பப் பெறும் ஒழுக்கத்தில் பௌதிகர் நமக்கு ஆசிரியராகத் தக்கார். 2011-ஆம் ஆண்டில் ஓபெரா என்னும் ஆய்வுக் குழுவினர், ஜெனீவாவினின்றும் இத்தாலிக்குச் சென்ற நியூட்ரினோக்கள் ஒளியினும் 60 நானோ விநாடி முற்பட்டு வந்தனவாக அளந்தனர். ஐன்ஸ்டைனை வென்றோம் என்று முழங்காது, எம் பிழையைக் கண்டுரைமின் என்றே பிறரை வேண்டினர். மறு ஆண்டில், நன்கு இணைக்கப்படாத ஒளியிழை வடமொன்று காரணமாதல் தெரிந்தது, தெரிந்தவாறே வெளியிட்டனர். தத்துவ வாதங்களில் இத்தகைய ஒப்புதலை நாம் எத்தனை கண்டோம்? நம்மிடத்து இதற்கு ஈடாக உள்ளது ஒன்று. எதிர்பக்கத்தை முழுதும் கூறி, அதற்கு விடை கூறிய பின்னரே தன் பக்கம் கூறுதல். சிவஞான சித்தியார் அளவையை முன்வைத்து, பரபக்கம் சுபக்கம் என இருகூறாக அமைந்ததும் இந்நெறி பற்றியே. பிறர் கொள்கையை அவர் கூறும் வலிமையோடு கூறாது மறுப்பவன், தன் கொள்கைக்கு வேண்டிய சோதனையைத் தானே விலக்கியவனாவான்.

நம்மனோர்க்கு ஒரு சொல்

இதனால் நமக்கு ஆவதென்னை எனின், கூறுதும். 2004-ஆம் ஆண்டில் இந்திய அரசினர் அளித்த கூத்தப்பெருமான் திருவுருவம், ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரமுடையது, மேற்கூறிய பெருங்கருவி அமைந்த ஜெனீவா ஆய்வு நிலையத்தில் நிறுவப்பட்டுள்ளது. அது நமக்கு மகிழ்ச்சியே. ஆயின் அது காட்டி, துகள்களின் இயக்கமே ஐந்தொழிற் கூத்தென்று விஞ்ஞானம் நிறுவிவிட்டது என்று நம்மவர் சிலர் மேடைதோறும் முழங்குகின்றனர். உவமை வேறு, அளவை வேறு என்பதை அவர் மறந்தனர்.

இவ்வுவமையை உலகறியச் செய்தது 1975-ஆம் ஆண்டில் ஃபிரிட்ஜாஃப் காப்ரா எழுதிய நூல். அவர் கீழைத் தேயத்துச் சமயக் கருத்துக்களோடு இயைத்துப் போற்றியவற்றுள் ஒன்று, ஜெஃப்ரி சூ என்பாரது கொள்கை. முடிந்த அடிப்படைத் துகள் என்பதொன்று இல்லை, எல்லாம் ஒன்றையொன்று பற்றியே நிற்கும் என்பது. நூல் வெளிவருவதற்கு முந்திய ஆண்டு நவம்பரிலேயே ஒரு புதிய துகள் காணப்பட்டு, குவார்க்குகள் என்னும் அடிப்படைத் துகள்கள் உண்டென்னும் கொள்கை மேலோங்கியது. சூவின் கொள்கை பின்தங்கியது. சமய உண்மையை அக்கொள்கையின்மேல் நாட்டியவர் அதனோடு கூடவே அதனையும் தளரவிட்டவராவர். இன்று பத்துப் பரிமாணங்களையும், எண்ணிறந்த உலகங்களையும் காட்டித் தத்துவங்களுக்கும் புவனங்களுக்கும் சான்று தேடுவார் செய்வதும் இதுவே. பௌதிகர்தாமே ஊகமென்று வைத்திருப்பதனை நாம் துணிபென்று கடன் வாங்குதல், அவர்க்கும் நேர்மையன்று, நமக்கும் நேர்மையன்று.

ஆகலின், பௌதிகராயினும் தத்துவராயினும், ஒரு கொள்கை கூறுவாரிடம் கேட்கத் தக்கன மூன்று. நீவிர் நிறுவாது கொண்டது யாது? அது பொய்யாயின் எவ்விடத்து வெளிப்படும்? நும் எதிர்பக்கத்தார் கூறும் வலிய வாதம் எது, அதற்கு நும் விடை யாது? இம்மூன்றற்கும் விடை கூறுவாரது ஊகம் ஊகமேயாயினும் கேட்கத்தக்கது. கூறாதாரது கணிதம் எத்துணை நுண்ணிதாயினும் அதனைத் துணிபென்று கொள்ளற்க. இவ்வினாக்களை முதற்கண் நம் கட்டுரைகளின்மேல் நாமே செலுத்துவோமாயின், பிறரிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டாகும்.